உருமாறிய பின் எஞ்சுபவர்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், ஏழாம் நிலையை எட்டிய மந்திரவாதி ஒருவர், அதே நிலையில் உள்ள தோழனைப் பாலிமார்ப் மந்திரத்தால் ராட்சதக் குரங்காக மாற்றலாம். அந்த நொடியில் தோழனுக்கு 157 ஹிட் பாயின்ட், அதாவது அடி தாங்கும் புள்ளிகள், கிடைக்கும். நுண்ணறிவு 7 ஆகும். எட்டாம் நிலையில் அவனை டைரனோசரஸ் ஆக்கினால் நுண்ணறிவு வெறும் 2. பேச்சு போய்விடும், மந்திரம் சொல்ல முடியாது. ஆனால் நல்லவனா தீயவனா என்று குறிக்கும் அவனுடைய அறச்சார்பும், சுபாவமும் மாறாமல் இருக்கும் என்று அதே விதி சொல்கிறது. ஒரு குழந்தையைக் காப்பதாகச் சத்தியம் செய்துகொடுத்தவன் நுண்ணறிவு 2 உள்ள மிருகமாக நிற்கும்போது, அந்தச் சத்தியம் அவனுக்குள் எந்த வடிவில் இருக்கும்? சுபாவம் இருக்கிறது, அதை எண்ணிப்பார்க்கும் அறிவு இல்லை. விதிப்புத்தகம் இதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கேள்வி ஐம்பது ஆண்டுகளாக இத்தகைய விளையாட்டுகளைத் தொடர்ந்து வருகிறது. விளையாடும் முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். கதை நடக்கும் உலகத்தையும் அதில் எதிர்ப்படும் மனிதர்களையும் மிருகங்களையும் அவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். சந்தேகமான இடத்தில் பகடை உருட்டப்படும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதில் பலம், லாகவம், உடலுரம், நுண்ணறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு எண்கள். கூடவே திறமைகள், சுபாவம், பூர்வகதை. ஆள் யார் என்பது இப்படி எழுத்தில் இருப்பதால், அவர் ஓநாயாகும்போது எந்த வரியை அடிப்பது, எதை விட்டுவைப்பது என்று யாராவது சொல்லியாக வேண்டும். நாவலாசிரியர் இதைத் தொடாமலே கடந்துவிடலாம். விதி எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் 1974இல் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் புத்தகங்களிலேயே இரண்டு உருமாற்ற மந்திரங்கள் இருந்தன. தன்னையே மாற்றிக்கொள்பவருக்கு வடிவம் மட்டும் கிடைக்கும்: டிராகனானால் பறக்கலாம், ஆனால் டிராகனைப் போலச் சண்டையிடவோ நெருப்பு உமிழவோ முடியாது. இன்னொருவரை மாற்றினால் புதிய உருவத்தின் ஆற்றல்கள் அவரிடம் வந்து சேரும். மனமும் கூடவே மாறியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே தரப்பட்டிருக்கும் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ட்ரோல் என்ற பூதத்தை நத்தையாக்கினால், சாதாரண மனிதன் மிதித்து நசுக்கிவிட முடியாத நத்தையாக அது இருக்குமாம். பிற்காலப் பதிப்புகள் ஓர் உடலை முழுதாகக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டின. முதல் புத்தகமோ பழைய உடலின் முரட்டுத்தனம் புதிய உடலுக்குள்ளும் ஊறிவரும் என்று நம்பியது. இந்த எண்ணத்தை அடுத்து வந்தவர்கள் வளர்த்தெடுக்காமல் விட்டது பெரிய இழப்பு.

அவர்கள் வளர்த்தது வேறொன்றை. 1978இல் வந்த அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகத்தில், பிறரால் உருமாற்றப்பட்டவர் முதலில் அந்த அதிர்ச்சியில் உயிர் பிழைக்க வேண்டும். பிழைத்தபின் மனம் சோதிக்கப்படும். மனமும் புதிய உருவத்தின் மனமாகிவிடும் வாய்ப்பு 100 சதவீதத்தில் தொடங்குகிறது. அவருடைய நுண்ணறிவுப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் அதில் 5 கழியும். இரண்டு உருவங்களுக்கும் இடையே உள்ள வலிமை வித்தியாசத்துக்கு ஏற்பக் கூடவோ குறையவோ செய்யும். வலிமை சமம் என்று கொண்டால், நுண்ணறிவு 16 உள்ளவருக்கு 20 சதவீத ஆபத்து. 8 உள்ளவருக்கு 60. ஒருமுறை தப்பிவிட்டால் முடிந்ததா என்றால் இல்லை. மனம் மாறும்வரை தினந்தோறும் பகடை உருட்ட வேண்டும். 20 சதவீத ஆபத்து உள்ளவர்கூட ஐந்து நாளில் தன்னை இழந்துவிடும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு.

உருமாற்றம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிக உண்மையான விதி இது என்று நினைக்கிறேன். ஆள் ஒரே நொடியில் காணாமல் போவதில்லை. பழைய பெயர், வந்த வழி, யாரைத் தேடிக் கிளம்பினோம் என்பது, எல்லாம் ஒவ்வொரு விடியலிலும் பணயத்தில் இருக்கின்றன. தோழர்களுக்கு அவரை மீட்பது காலத்தோடு ஓடும் ஓட்டமாகிவிடுகிறது. விதியில் குறை இல்லாமலும் இல்லை: தன்னை இழக்காமல் காப்பது நுண்ணறிவு மட்டுமே என்று அது கருதியது. படிப்பறிவில்லாத ஒரு பக்தரின் உறுதிக்கு அந்தக் கணக்கில் மதிப்பெண் கிடையாது.

2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு இந்தத் தத்தளிப்பை ஒழுங்குபடுத்தியது. பலம், லாகவம், உடலுரம் ஆகியவை புதிய உருவத்தினுடையவை; நுண்ணறிவு, விவேகம், வசீகரம் ஆகியவை பழைய ஆளுடையவை. தாளின் நடுவே ஒரு கோடு. விளையாடச் சுலபம், தர்க்கத்திலும் குறையில்லை. ஆனால் விளையாட்டுக்காரர்கள் இதன் ஓட்டையை விரைவில் கண்டுகொண்டார்கள். ட்ரூயிட் என்பவர் மிருக உருவெடுக்கவல்ல, இயற்கையோடு பிணைந்த மந்திரவாதி. எப்படியும் கரடியாகப் போகிற அவருக்குப் பலம் எதற்கு? நல்ல எண்களை எல்லாம் மனத்தின் பக்கம் வைத்துவிட்டு, நோஞ்சானாகப் பிறந்து கரடியாக வாழலாம். கரடி உருவிலேயே மந்திரம் சொல்ல அனுமதிக்கும் ஒரு தனித்திறனும் சேர்ந்தபோது, பாத்திரத்தின் சொந்த உடலுக்குக் கதையில் வேலையே இல்லாமல் போயிற்று. பழைய தினசரிச் சோதனையின் நிழல், மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5 பதிப்பில் பகைவரைச் சிறு பிராணியாக்கும் ஒரு மந்திரத்தில் மட்டும் தங்கியது: உடல் தோற்றபின், மனத்தையாவது காத்துக்கொள்ள ஒரே ஒரு பகடை. பைசோ நிறுவனம் 2009இல் வெளியிட்ட பாத்ஃபைண்டர் விளையாட்டு இந்த ஓட்டையை அடைத்தது. அங்கே மிருக உருவம் உங்கள் சொந்த எண்களின் மேல் சில புள்ளிகளைக் கூட்டும், அவ்வளவுதான். நோஞ்சான் ட்ரூயிட் நோஞ்சான் புலியாவார். சமநிலைக்காகச் செய்த திருத்தம் இது; ஆனால் 1974இன் நத்தையை அறியாமலே கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் ஒரே புத்தகத்துக்குள் இரண்டு தத்துவங்கள் இருக்கின்றன. பாலிமார்ப் மந்திரம் அறிவையும் எடுத்துக்கொள்கிறது. ட்ரூயிட் மிருகமாக மாறும் வைல்ட் ஷேப் என்ற திறன் அறிவையும் விவேகத்தையும் வசீகரத்தையும் விட்டுவைக்கிறது. தானாக விரும்பி மாறுபவர் தன்னை வைத்துக்கொள்கிறார், பிறரால் மாற்றப்படுபவர் இழக்கிறார் என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம். ஆனால் தன்மேலேயே பாலிமார்ப் போட்டுக்கொள்பவரும் அறிவை இழப்பதால் அந்த விளக்கம் நிற்காது. உடலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே: மிருகத்தின் ஹிட் பாயின்ட் தீர்ந்தால் பழைய உருவம் திரும்பும், பழைய காயங்களோடு. நடைமுறையில் மிருகம் ஓர் உபரி உயிராக, சண்டையில் அடி வாங்கும் கவசமாக ஆயிற்று. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ட்ரூயிட் தன் ஹிட் பாயின்ட்டையே வைத்துக்கொள்கிறார். மேலே சிறிது தற்காலிகப் புள்ளிகள் மட்டும். அடி இப்போது ஆளின்மேல் விழுகிறது என்பது எனக்கு உவப்பான மாற்றம். ஆனால் அதே திருத்தம் மிருக உருவில் பேசும் திறனையும் தந்துவிட்டது. ஓநாயாக நிற்பவர் தன் அச்சத்தையும் எச்சரிக்கையையும் உடலால் மட்டுமே தெரிவிக்க வேண்டியிருந்த அந்த நெருக்கடி, நடிப்பவருக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பாக இருந்தது!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வெளியே வந்தால் கேள்வியே வேறாகிறது. ஜொனாதன் ட்வீட்டும் மார்க் ரைன்ஹேகனும் 1987இல் உருவாக்கிய ஆர்ஸ் மேஜிகா, இடைக்கால ஐரோப்பாவில் நடக்கும் விளையாட்டு. அதில் பியோர்னேர் என்ற மந்திரவாதிக் குலத்தவர் ஒவ்வொருவருக்கும் உள்ளுறையும் விலங்கு ஒன்று உண்டு. அதை அவர்கள் வெளியிலிருந்து எடுத்து அணிவதில்லை, தமக்குள் கண்டெடுக்கிறார்கள். மற்ற மந்திரவாதிகளைப் போல ஒரு பிராணியைத் துணையாகப் பிணைத்துக்கொள்ளவும் அவர்களால் முடியாது.

ஒயிட் வுல்ஃப் நிறுவனம் 1992இல் வெளியிட்ட வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ், மனிதனுக்கும் ஓநாய்க்கும் இடையே ஐந்து படிகளை வைத்தது: ஹோமிட், கிளாப்ரோ, கிரினோஸ், ஹிஸ்போ, லூபஸ். நடுவில் உள்ள கிரினோஸ், இரண்டு காலில் நிற்கும் போர் உருவம். அதை எடுத்தால் பலம் 4, உடலுரம் 3, லாகவம் 1 கூடும். பிறரைப் பேசி இணங்கவைக்கும் திறன் 3 குறையும். இங்கே நடுக்கோடு இல்லை. உடல் பெருத்தால் பேச்சு சுருங்குகிறது. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைகிறது. இதோடு சினம் என்பது தாளில் ஓர் எண்ணாகவே உண்டு, அது எல்லா உருவத்திலும் கூடவே வரும். சினத்துக்கான பகடையில் நான்கு வெற்றிகள் விழுந்தால் பாத்திரம் வெறிகொண்டு தாக்கும், அல்லது பீதியில் ஓடும். மனித உருவில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அந்த எண் அங்கேயே இருக்கிறது. ஆகவே மிருகத்திடமிருந்து மனிதனுக்கு எது வருகிறது என்பதும் கேள்வியாகிறது.

அதைவிட முக்கியமாக, ஓநாயாகவே பிறந்து பின்னால் மனித உருவம் எடுக்கக் கற்றவர்களையும் அந்த விளையாட்டில் ஏற்று நடிக்கலாம். அவர்களுக்கு வண்டி ஓட்டுவது, துப்பாக்கி சுடுவது போன்ற திறமைகள் தொடக்கத்தில் கிடையாது. ஆவியுலகத் தொடர்பைக் குறிக்கும் எண் மட்டும் அதிகம். மனிதனே மூலம், மிருகம் வேஷம் என்ற எண்ணத்தோடு வருபவரை இது தடுத்து நிறுத்துகிறது. சட்டை போட்டு, சாலையோரம் நின்று, மோப்பம் பிடிக்கத் துடிக்கும் ஒருவரை நடிப்பது, ஓநாயாகி ஓடும் மனிதரை நடிப்பதைவிடக் கடினம். இன்னொரு பக்கம், கிரினோஸ் உருவத்தைப் பார்த்த சாதாரண மனிதர்கள் மதிமயங்கி ஓடுவார்கள், பிறகு கண்டதை மறந்துவிடுவார்கள் என்பதும் விதி. தன்னைத் தான் மறக்காத ஒருவரை, நேற்றுவரை பழகிய பக்கத்து வீட்டுக்காரர் அடையாளம் காண மறுக்கிறார். ஆள் தொடர்கிறார் என்று சொல்ல அவருடைய நினைவு மட்டும் போதுமா என்று இந்த விதி கேட்கவைக்கிறது.

சேஜ் லடோராவும் ஆடம் கோபலும் 2012இல் தந்த டன்ஜன் வேர்ல்டு மிக எளிமையான விடையை வைத்திருக்கிறது. அதில் ட்ரூயிடுக்குப் பிறந்த நிலத்தின் அடையாளம் ஒன்று உடலில் இருக்கும்: கொம்பு, சிறுத்தைப் புள்ளி, இலை போன்ற முடி, இப்படி ஏதாவது. எந்த உருவம் எடுத்தாலும் அந்தக் குறி மறையாது. எலியாக ஒளிந்தாலும் அது இலைமுடி கொண்ட எலி. எண்களால் ஆகாததை ஒரு சித்திரம் செய்துவிடுகிறது: மேசையில் இருக்கும் எல்லோருக்கும், இது அவர்தான் என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறது. பகடை சரியாக விழாவிட்டால் அந்த உருவத்தில் ஒன்றிரண்டு செயல்களுக்கு மேல் செய்ய முடியாது என்பதால், மிருகமாகவே குடியிருந்துவிடும் ஆசையும் எழுவதில்லை.

இனி வருவது எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. மனமும் மாறிவிட்டால் அந்தப் பாத்திரத்தை நடத்துபவர் யார்? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 பதிப்பில் ஓநாய்மனித சாபத்துக்கு ஆளானவர் அதை எதிர்க்கலாம், ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். ஏற்றுக்கொண்டு அவரது அறச்சார்பு மாறினால், சாபம் நீங்கும்வரை பாத்திரத்தை டன்ஜன் மாஸ்டர் தன் கையில் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. மாதக்கணக்கில் ஒருவர் வளர்த்த ஆள் அவரிடமிருந்து பறிக்கப்படுகிறார். உருமாறியவரின் அனுபவத்தில் மிகத் தீவிரமான பகுதி தொடங்கும் இடத்தில் விளையாடுபவர் வெறும் பார்வையாளராகிவிடுகிறார். இது விதியின் தோல்வி என்றே சொல்வேன்.

ஆவரி ஆல்டர் 2012இல் எழுதிய மான்ஸ்டர்ஹார்ட்ஸ் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. பள்ளி மாணவர்களாக வாழும் அமானுஷ்யர்களின் கதை அது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இருண்ட முகம் ஒன்று உண்டு. ஓநாய்மனிதன் அந்த முகத்துக்குள் போனபின்னும் அவனை நடத்துவது அதே விளையாட்டுக்காரர்தான். அந்த நேரத்தில் அவன் என்ன வேண்டுவான், எப்படி நடப்பான் என்பதை மட்டும் விதி சொல்கிறது. அதிலிருந்து வெளியேற இரண்டே வழி: பொழுது விடிய வேண்டும், அல்லது தான் மெய்யாக நேசிக்கும் ஒருவரைக் காயப்படுத்த வேண்டும். இந்த விளையாட்டின் தாளில் நுண்ணறிவு என்ற எண்ணே கிடையாது. உருமாறியவனைத் திரும்ப இழுத்துவருவது ஓர் உறவு, அதுவும் காயம்பட்ட உறவு. அந்தக் காயத்தைச் செய்யும் கையும் விளையாடுபவருடையதே என்பதால், விடிந்தபின் அந்த நண்பனின் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்பதையும் அவரேதான் யோசித்தாக வேண்டும்.