மூக்கும் முழியும் இருக்கட்டும், கோட்டைப் பாருங்கள்

அசோக் நகர், கே.கே. நகர் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு கிராஃபிக் டிசைனர் மேல்தான் விழ வேண்டும். சினிமா போஸ்டர் செய்கிறவர், லோகோ செய்கிறவர், கல்யாணப் பத்திரிகைக்கு யானை வரைகிறவர் என்று தெருவுக்கு நாலு பேர். எல்லோர் போனிலும் ஜப்பான்காரர் போஸ்டரும் சுவிட்சர்லாந்து எழுத்துருவும் குவிந்து கிடக்கின்றன. தப்பில்லை. ஆனால் பத்திரிகை ஓவியர் கோபுலுவின் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், "பேர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கு சார்" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபது, எண்பது வருஷமாக வாரா வாரம் வீட்டு வாசலுக்கே வந்து விழுந்த கலை இது. இதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். விகடனில் மாலி ஒரு பாதை போட்டார். அந்தப் பாதையில் வந்தவர்கள் கோபுலுவும் சில்பியும். சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் எதிரே உட்கார்ந்து வரைந்ததுதான் 'தென்னாட்டுச் செல்வங்கள்'. கல்கியில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்தபோது வந்தியத்தேவனுக்கு முகம் கொடுத்தவர் மணியம். அவர் 1968இல், நாற்பத்து நாலு வயதில் போய்விட்டார். மகன் மணியம் செல்வனும் தூரிகையைத்தான் எடுத்தார். பிறகு ஜெயராஜ், மாருதி, ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது. போதும். பெயர்களை ஒப்பிப்பதால் ரசனை வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகைப் படங்களில் கோட்டுப் படம் என்று ஒன்று, வாஷ் என்று ஒன்று. இந்த வித்தியாசம் பிடிபடாதவரை நீங்கள் பார்ப்பது படத்தையல்ல, அதில் இருக்கும் பெண்ணின் முகத்தை.

அந்தக் காலத்தில் படத்தை அச்சேற்ற பிளாக் எடுக்க வேண்டும். லைன் பிளாக்கில் துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரிப்பார்கள். மேடாக நிற்கும் இடத்தில் மை ஒட்டும், அரித்த பள்ளத்தில் ஒட்டாது. கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது. நிழல் வேண்டுமா? கோடுகளை நெருக்கிப் போடு, குறுக்கே இன்னொரு வரிசை இழு, இல்லாவிட்டால் முழுக் கறுப்பாக அப்பிவிடு. வாஷ் அப்படியல்ல. மையைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசுவது. சாம்பல் நிறம் அத்தனை படியிலும் கிடைக்கும். ஆனால் அதை அச்சிட ஹாஃப்டோன் பிளாக் வேண்டும், படம் முழுக்கப் புள்ளிகளாக உடையும். வாரப் பத்திரிகையின் மட்டக் காகிதத்தில் மை பரவும், புள்ளியும் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும், கதாநாயகி கன்னத்தில் கரி பூசியதுபோல வந்து நிற்பாள். அதே படத்தைத் தீபாவளி மலரின் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் பாருங்கள், வேறு படமோ என்று தோன்றும்.

வாஷில் ஓவியர் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம். மணிக்கட்டு எலும்பு சரியாக வரவில்லையென்றால் அதன் மேல் ஒரு நிழலை இறக்கிவிடலாம். கோட்டில் அந்த வசதி இல்லை. போட்டது போட்டதுதான். அதனால்தான் சொல்கிறேன், ஒரு கோட்டுப் படம் கிடைத்தால் முதலில் கட்டை விரலால் முகத்தை மறைத்துவிடுங்கள். மிச்சத்தைப் பாருங்கள். கை எப்படித் தொங்குகிறது? வேட்டி மடிப்பில் கோடு எங்கே தடித்து எங்கே மெலிகிறது? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கனம் நாற்காலிக்குத் தெரிகிறதா? முகம் இல்லாமலே ஆள் யாரென்று தெரிந்தால் அது கெட்டிக்காரக் கோடு. கோபுலுவின் மாமாக்களையும் மாமிகளையும் முதுகுப்பக்கமாகவே கண்டுபிடித்துவிடலாம். வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களை அவர் போட முடிந்தது இதனால்தான்.

கோட்டிலும் உள்பிரிவு உண்டு, கேளுங்கள். உருவத்தைச் சுற்றி வேலி போடும் கோடு ஒன்று. உருவத்துக்குள்ளேயே புகுந்து திரியும் கோடு இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்க ஆதிமூலத்திடம் போக வேண்டும். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட படங்களில் கிழவர்களின் முகத்துக்கு எல்லைக்கோடு எங்கே என்று தேடினால் கிடைக்காது. கிறுக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வெயிலில் வெடித்த கரிசல் மண்ணாகவே முகம் வந்து நிற்கும். அவருடைய கான்வாஸுக்கு முன் கைகட்டி நிற்கும் கேலரி விமர்சகர்கள், இந்தப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் "அது பத்திரிகைக்குச் செய்தது" என்று தள்ளிவிடுவார்கள். பத்திரிகையில் வந்தால் கோடு கோணிவிடுமா?

மாருதியின் பெண்களுக்குக் கண் அழகு, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கண்ணைத் தாண்டி வராத ரசிகர்களோடுதான் எனக்குச் சண்டை. காபிக் கடைச் சுவரில் 'ரெட்ரோ' என்று பழைய அட்டையை மஞ்சளடித்து மாட்டுகிறவர்கள் இன்னும் மோசம். இப்போது ஏஐ வேறு. வந்தியத்தேவன் ஜிம்முக்குப் போய்வந்த மாதிரி எண்ணெய் மினுமினுக்க நிற்கிறான், குதிரைக்குக் கால் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அச்சிட்ட ஓவியத் தொகுப்புகளைவிட எனக்குப் பிடித்தது பைண்டு புத்தகம்தான். வாரா வாரம் தொடர்கதைப் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, முதுகில் காலிகோ ஒட்டித் தைத்தது. முன்பக்கம் குந்தவை, பின்பக்கம் பாதித் துணுக்கும் தலைவலித் தைல விளம்பரமும். எழுத்துக்கு நடுவே படம் எவ்வளவு இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது என்பது அதில்தான் தெரியும். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில், மயிலாப்பூர் லஸ் பக்கம், ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு எதிர்ப்புறம் தேடுங்கள். எங்கள் பேட்டைப் பழைய பேப்பர் கடைகளிலும் எப்போதாவது சிக்கும். கடைக்காரர் எதிரில் முகத்தில் ஆசையைக் காட்டிவிடாதீர்கள், விலை ஏறிவிடும். உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதற்கு வித்திட்ட கோட்டையூர் முத்தையாவே விளம்பரப் பலகை எழுதியவர்தான்.

கிடைத்ததை நாலு பேருக்குக் காட்டுங்கள், ஆனால் ஒழுங்காகக் காட்டுங்கள். முகத்தை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். முழுப் பக்கத்தையும் படமெடுங்கள். மூலையில் இருக்கும் கையெழுத்து தெரிய வேண்டும். எந்த இதழ், எந்த வருஷம், யார் வரைந்தது என்று கீழே எழுதுங்கள். வாட்ஸாப்பில் சுற்றும் பழைய படங்கள் பாதிக்குப் பெயரே இல்லை, மீதியில் யார் வரைந்தாலும் கோபுலு. வீட்டுப் பரணில் பைண்டு புத்தகம் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் தயவுசெய்து யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.