திருப்பி எடுப்பவளின் நேரம்

விளையாட்டு வர்ணனைகளின் மொழியைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். தாக்குபவர் 'வாய்ப்பை உருவாக்குகிறார்', தடுப்பவர் 'சமாளிக்கிறார்'. 'அடிச்சான் பாரு' என்று வாய் பிளக்கிற நாமே, எதிர்ப்பக்கம் நிற்பவளை 'சும்மா தட்டிக்கிட்டே இருக்கா' என்று சலித்துக்கொள்கிறோம். செயல் / எதிர்வினை என்கிற இந்த இருமை, ஆண் / பெண் என்கிற பழைய இருமையின் மறுபதிப்பு. இறகுப்பந்தில் அது எப்படி நொறுங்குகிறது, நொறுங்கும்போது யார் பதறுகிறார்கள் என்பதே இங்கு நம் அக்கறை.

2023இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. போட்டியில் அடித்ததல்ல அது. ஜப்பானில், அளப்பதற்கென்றே செய்த ஏற்பாட்டில் அடித்தது. மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்தின் வேகம். இறகுப்பந்தோ காற்றில் வெகு சீக்கிரம் வேகமிழக்கிற பொருள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். தடுப்பாட்டம் பிழைப்பது இந்த இழப்பில்தான். முழங்கால் மடித்துத் தாழ நின்று, மட்டையை உடம்புக்கு முன்னால் பிடித்து, வந்த வேகத்தையே கடன் வாங்கி வலையோரம் திருப்பலாம். அல்லது உயரத் தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்பலாம். இதைச் சரணாகதி என்று வாசிப்பவர்கள் நேரத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள். பந்து மேலே போய் இறங்குவதற்குள் தூக்கியவர் ஆடுகளத்தின் நடுவுக்குத் திரும்பிவிடுகிறார். அடித்தவரோ மறுபடி பின்னால் ஓடி, எம்பி, அடிக்க வேண்டும். தடுப்பாட்டம் உற்பத்தி செய்வது நேரத்தை. எதிராளியின் உடலில் களைப்பாகச் சேர்கிற நேரத்தை.

இந்தோனேசியாவின் சூசி சுசாந்தியை எடுத்துக்கொள்வோம். நீளமாக அனுப்பி, பொறுமையாக எதிராளியைத் தேய்ப்பது அவரது பாணி. சர்வீஸ் போடுபவருக்கே புள்ளி என்பது அன்றைய விதி. பெண்கள் ஒற்றையரில் 11 புள்ளி. சர்வீஸ் கைமாறிக்கொண்டே இருக்கும், புள்ளிப்பலகை அசையாது, உடல்கள் மட்டும் தேயும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் தென்கொரியாவின் பாங் சூ ஹ்யூனிடம் முதல் ஆட்டத்தை 5-11 என இழந்த சூசி, அடுத்த இரண்டையும் 11-5, 11-3 என வென்றார்.

2006இல் அந்த விதி போயிற்று. யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி, ஆட்டத்துக்கு 21. தொலைக்காட்சிக்கு ஏற்ற ஆட்டமாக மாற்ற வேண்டும் என்பது இதன் பின்னிருந்த முக்கியமான காரணம். அசையாத புள்ளிப்பலகையை யார் விற்க முடியும்?

ஆனால் நேரம் அடங்கவில்லை. 2017 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், பி.வி.சிந்துவை விட ஏறக்குறைய ஒரு சாண் குள்ளமான நொசோமி ஒகுஹாரா 110 நிமிடங்கள் ஆடி 21-19, 20-22, 22-20 என வென்றார். இரண்டாம் ஆட்டத்தின் கடைசி ராலி மட்டும் 73 அடிகள். அதை வென்றவர் சிந்து. அந்த 73 அடிகளுக்குள் யார் தாக்குபவர், யார் தடுப்பவர் என்று கோடு கிழித்துக் காட்டச் சொல்லுங்கள், முடியாது.

இதற்கு அடுத்த ஆண்டு, ஐந்து ஆட்டம், ஆட்டத்துக்கு 11 புள்ளி என்று சுருக்கும் யோசனை உலகக் கூட்டமைப்பில் வாக்கெடுப்புக்கு வந்தது. 129க்கு 123, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. 2021இல் மறுபடி வந்து 66.31 சதவீதத்தில் மயிரிழையில் தோற்றது. 2025இல் 15 புள்ளி முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்களின் உடல்நலம் என்றொரு வாதமும் வைக்கப்படுகிறது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஒகுஹாரா முழங்கால் அறுவைச் சிகிச்சைகளைத் தாண்டி வந்தவர். நீண்ட ராலிகளுக்குப் பேர்போன ஜப்பானிய இரட்டையர் ஜோடியில் ஒருவரான சயாகா ஹிரோதா, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் காலில் பெரிய கட்டோடு ஆடினார். சரி, உடம்பின் மேல் அவ்வளவு கரிசனம் என்றால், 2018இல் முன்னணி ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கு 12 போட்டிகளிலாவது ஆட வேண்டும், தவறினால் அபராதம் என்று விதித்தது யார்? அதே கூட்டமைப்புதான். ஆட்டம் குறுக வேண்டும், ஆட்டங்கள் பெருக வேண்டும். வேலைநேரத்தைப் பற்றி எந்த முதலாளியும் பேசுகிற கணக்குதான் இது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்த ஆட்டத்தை 'ஆசியப் பெண்ணின் பொறுமை' என்று புகழ்வது. விதியின் கணக்கையும் பயிற்சியின் உழைப்பையும் மறைத்து, அதை இனத்தின் குணமாக்குகிற வேலை அது. சூசி சீன வம்சாவளி. தலைமுறைகளாக அந்த மண்ணில் வாழ்ந்தும் குடியுரிமைச் சான்றுக் கடிதத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை அவரது சமூகத்துக்கு இருந்தது. நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த சூசியும் விலக்கல்ல. ஆடுகளத்தில் அவர் காத்திருந்தது அவரே தேர்ந்தெடுத்த உத்தி. அலுவலக வாசலில் காத்திருந்தது அரசு சுமத்தியது. இரண்டையும் 'பொறுமை' என்ற ஒரே சொல்லால் அழைப்பது அதிகாரத்துக்கு வசதியானது.

நம் கூட்டங்களிலும் 'வெறும் தற்காப்புப் போராட்டம்பா' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. நம் விமர்சன மொழியே அடி, தாக்கு, தகர் என்றுதான் பழகியிருக்கிறது. நிலத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறவர்களும் வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றம் நடக்கிறவர்களும் செய்வது ஒன்றல்ல. முன்னவர்கள் எதிராளியின் நேரத்தைத் தின்கிறார்கள். பின்னவர்களின் நேரம் தின்னப்படுகிறது. ஒரு போராட்டத்தைத் தாக்குதலா தற்காப்பா என்று தரம் பிரிக்கும் முன், அங்கே களைத்துப்போவது யார் என்று பார்த்தாக வேண்டும்.