கடல் கடந்து வரும் அழைப்பாசிரியர்

அமெரிக்காவில் உருப்பெற்று இன்று பல தேசங்களில் ஆடப்பெறும் ‘ஸ்கொயர் டான்ஸ்’ என்னும் சதுர நடனத்தில், நான்கு ஜோடிகள் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் எதிரெதிராக நிற்க, அவர்கள் அடுத்து என்ன ஆடவேண்டும் என்பதை ஒலிவாங்கியின் முன் நிற்கும் ஒருவர் தாளம் பிசகாமல் சொல்லிக்கொண்டே போகிறார். அவரை அழைப்பாளர் என்றும், அவர் இடும் கட்டளைகளை அழைப்புகள் என்றும் இங்கே குறிப்பிடுவோம். ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரை அறிந்த நமக்கு இது புதுமையன்று என்று தோன்றக்கூடும். ஆனால் நட்டுவனாரின் முன் ஆடுகிறவர் தாம் ஆடப்போவதை நெடுநாள் அப்பியாசம் செய்து வந்தவர். அழைப்பாளரின் முன் நிற்கும் எட்டுப் பேருக்கோ, அழைப்புகள் ஒவ்வொன்றின் பொருளும் தெரியுமேயன்றி, அவை எந்த வரிசையில் வரும் என்பது தெரியாது. அந்த வரிசையை அந்தச் சந்தர்ப்பத்திலேயே கற்பனை செய்துகொள்வதுதான் அழைப்பாளருடைய கலை. அதைப் பயில விரும்புவோருக்காக அமெரிக்காவிலிருந்து ஓர் ஆசிரியரை வரவழைத்து, சில தினங்கள் தங்கவைத்து, பயிற்சி வகுப்பு நடத்தும் வழக்கம் ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் வேரூன்றியிருக்கிறது. அவ்வழக்கத்தின் குணங்களையும் குறைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்கவேண்டிய வித்தை எவ்வளவு கடினமானது என்பதை முதலில் உணர்ந்தாலன்றி, அதைக் கற்பிக்கும் முறையைப் பற்றி நியாயமாக அபிப்பிராயம் கூற முடியாது. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 128 தட்டுகள் வரை ஓடும் இசையில், சதுரத்தை முழுதும் சுற்றிவரும் ‘பிராமனேட்’டுக்கு 16 தட்டுகள், ‘கிராண்ட் ஸ்கொயர்’ என்னும் கோலத்துக்கு 32 தட்டுகள் என்று ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு கால அளவு உண்டு. முந்திய அசைவு முடிவதற்குச் சற்று முன்னதாக அடுத்த அழைப்பு ஆடுவோர் காதில் விழவேண்டும். அழைப்பு முந்திவிட்டால் அவர்கள் ஓடித் தடுமாறுவார்கள், பிந்திவிட்டால் நடுவிலே நின்றுவிடுவார்கள். பாட்டைப் பாடிக்கொண்டே அழைக்கும் பாட்டழைப்பில், 64 தட்டுகள் கொண்ட பகுதி ஏழு முறை வருகிறது; அவற்றுள் நான்கு பகுதிகளின் முடிவில் பெண்கள் ஒவ்வொரு முறையும் துணை மாறி, நான்காவது முறையில் தம் பழைய துணையிடமே வந்து சேர்வார்கள். அதற்காவது பாட்டின் அமைப்பு ஒரு பிடிமானமாக இருக்கிறது. ‘பேட்டர்’ என்று கூறப்படும் மற்றொரு வகையில் அதுவும் இல்லை. அழைப்பாளர் தம் இஷ்டம்போல் எட்டுப் பேரையும் கலைத்து, வரிசைகளாகவும் வட்டங்களாகவும் அலைகளாகவும் உருமாற்றி, இறுதியில் ஒவ்வொருவரையும் அவரவர் துணையோடும் அவரவர்க்குரிய முறையோடும் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். இதைக் கண்ணால் பார்த்தே செய்து முடிப்பவர், தொடக்கத்தில் யார் யாருக்குத் துணை என்பதை இரண்டு ஜோடிகள் அளவிலேனும் மனத்தில் பதித்துக்கொண்டு, வாயால் அழைப்புகளை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர்களைப் படிப்படியாக ஒன்றுசேர்க்கும் வழியைக் கண்டுகொண்டிருக்கிறார். வீட்டு மேஜையின்மேல் பொம்மைகளை நகர்த்தி இதைப் பழகுவதுண்டு. ஆனால் பொம்மை தவறான பக்கம் திரும்புவதில்லை, களைப்படைவதில்லை, பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டே அழைப்பைக் கேளாமல் விடுவதுமில்லை.

இந்தக் கலையின் சரித்திரத்தில் அழைப்பாளரின் இடம் ஒரு தனி அத்தியாயமாகும். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கோட்டிலியன், குவாட்ரில் முதலிய நடனங்களில், ஆடுவோர் நடன ஆசானிடம் முன்னதாகவே பயின்று வந்தார்கள். ஆடும்போதே உரக்கச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அமெரிக்க மண்ணிலே தழைத்தது. வெள்ளையர்களின் விருந்துகளில் வயலின் வாசித்த கறுப்பினக் கலைஞர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பதை 2015-இல் வெளிவந்த தம் நூலில் பில் ஜேமிசன் விரிவாகக் காட்டியுள்ளார். நெடுங்காலம் வரையில் அழைப்பதற்கென்று பள்ளிக்கூடம் கிடையாது. கேட்டும் பார்த்தும் கற்றார்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தை அடுத்த செயன் மௌன்ட்டன் பள்ளியின் தலைவராக இருந்த லாயிட் ஷா, ‘கௌபாய் டான்ஸஸ்’ என்ற நூலை 1939-இல் வெளியிட்டதோடு, கோடை வகுப்புகளையும் நடத்தினார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆசிரியர்கள் அவரை நாடி வந்து கற்றுச் சென்று தம் ஊர்களில் பரப்பினார்கள். 1948-இல் பாப் ஆஸ்குட் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ‘செட்ஸ் இன் ஆர்டர்’ என்னும் பத்திரிகை அழைப்பாளர்களுக்குள் ஒரு தொடர்பை உண்டாக்கியது. பின்னர் 1974-இல் தன் முதல் மாநாட்டைக் கூட்டிய ‘காலர்லேப்’ என்னும் அழைப்பாளர் சங்கம் அழைப்புகளின் பட்டியலையும் அவற்றின் இலக்கணத்தையும் ஒழுங்குபடுத்தியது. அழைப்பாளர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தகுந்தவர்களைப் பரிசீலித்து அங்கீகரிக்கும் முறையையும் ஏற்படுத்தியது. அயல்நாட்டு நடனக் கழகங்கள் ஆசிரியரைத் தேடும்போது பெரும்பாலும் இந்த அங்கீகாரத்தையே முதலில் பார்க்கின்றன.

நடனம் கடல் கடந்த விதத்தையும் சிறிது சொல்லவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜெர்மனியில் தங்கிய அமெரிக்கப் படைவீரர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் பாசறைகளில் ஆடியதை, அக்கம்பக்கத்து ஜெர்மானியர் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். படைகள் குறைந்த பிறகும் கழகங்கள் நிலைத்தன, இன்று அவற்றை நடத்துகிறவர்கள் ஜெர்மானியரே. ஜப்பானிலோ, அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கல்வி அதிகாரியாக நாகசாகிக்குச் சென்ற வின்ஃபீல்டு நிப்லோ 1946-இல் அங்கிருந்தவர்களுக்கு இதைக் கற்பிக்க, சில ஆண்டுகளுக்குள் அது நாடெங்கும் பரவியது. இவ்விரண்டு இடங்களிலும், இன்னும் நடனம் சென்ற ஏனைய நாடுகளிலும், அழைப்புகள் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. ஆகையால் நாகசாகியில் கற்றவர் ஹாம்பர்க் நகரத்துச் சதுரத்தில் நுழைந்து, அங்குள்ளவர்களோடு ஒரு வார்த்தை பேசத் தெரியாமலே இரவு முழுவதும் ஆடலாம். உலகில் இத்தகைய சௌகரியம் உள்ள கூட்டுக் கலைகள் மிகச் சில.

இனி, அயலாசிரியரை வரவழைப்பதன் நன்மைக்கு வருவோம். எண்ணிக்கையில் சிறிய ஒரு நாட்டின் நடனக் கூட்டத்தில் அழைப்பாளர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரே விழா மேடைக்கும் ஒரே கழகத்தின் ஆதரவுக்கும் ஒருவகையில் போட்டியாளர்கள். ‘உங்கள் அழைப்பு அரைத் தட்டு பிந்துகிறது, பெண்களை ஒரே பக்கமாக மூன்று முறை சுழலவைத்துத் தலைசுற்றச் செய்கிறீர்கள்’ என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னால், அது குறை கூறலாகவே கொள்ளப்படும். வெளியிலிருந்து வருபவருக்கு அந்த உறவுகளின் பாரம் இல்லை; அவர் சொல்வதைக் கேட்பவர் மனத்தாங்கல் கொள்வதும் அரிது. இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. தனித்து வளர்ந்த கூட்டங்களில் ஒருவரைப் பார்த்து ஒருவர் அழைப்பதால், சில அழைப்புக் கோவைகளே திரும்பத் திரும்பப் புழங்கி, நாளடைவில் ஆடுவோர் அழைப்பைக் கேளாமல் பழக்கத்தால் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். பல நாடுகளின் சதுரங்களைப் பார்த்த ஆசிரியர் அந்தத் தேக்கத்தை முதல் நாளிலேயே கண்டுகொள்கிறார். அழைப்புகளின் இலக்கணத்தைப் பலர் மனப்பாடமாக அறிந்திருக்க, அதன் காரணத்தை விளக்கக்கூடியவர் சிலரே; அந்தச் சிலருள் ஒருவரோடு காலை முதல் இரவு வரை தொடர்ந்து இருக்கும் பாக்கியம், வாரத்துக்கு ஒரு மாலை மட்டும் கழகத்துக்குப் போகிறவனுக்கு வேறு எவ்வழியிலும் கிட்டாது.

இவ்வளவும் உண்மையே. ஆயினும் விருந்தோம்பும் கழகங்கள் தம் சிரத்தையைச் செலுத்தும் இடம் சரியானதன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். விமானக் கட்டணம், தங்குமிடம், சன்மானம், ஊரைச் சுற்றிக் காட்டுதல், வரவேற்பு விருந்து என்று அதிதி உபசாரத்துக்கான ஏற்பாடுகள் மாதக்கணக்கில் நடைபெறுகின்றன. வகுப்பின்போது பகல் முழுவதும் சலியாமல் ஆடித் தரக்கூடிய எட்டு அல்லது பதினாறு நடனக்காரர்களுக்கு மட்டும் கடைசி வாரத்தில் ஆள் தேடுகிறார்கள். வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள் வர முடிவதில்லை; வருகிறவர்கள் மாலைக்குள் ஓய்ந்துபோகிறார்கள்; அப்போது மாணாக்கர்களே ஒருவருக்கொருவர் ஆடிக் கொடுக்க நேர்கிறது. ஆடும் மாணாக்கனோ, தன் முறை வந்ததும் எதை அழைப்பது என்று உள்ளூர எண்ணிக்கொண்டே ஆடுகிறான். அவனுக்குக் களைப்பும் மிகுதி, கவனமும் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு மாணாக்கர்கள் இருக்கிறார்கள் என்றும், நாள்தோறும் ஒலிவாங்கிப் பயிற்சிக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கப்பெற்றது என்றும் வைத்துக்கொண்டால், ஒருவருக்குக் கிடைப்பது நாளுக்கு 15 நிமிஷம். ஐந்து நாள் வகுப்பில் 75 நிமிஷம். ஒரு பாட்டழைப்பு ஓடுவதற்கே நாலு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாகிறது என்பதை நினைத்தால், இந்த அவகாசம் எவ்வளவு அற்பமானது என்பது விளங்கும். இந்நிலையில், செலவை ஈடுகட்டுவதற்காக ஒவ்வோர் இரவும் பொதுமக்களுக்கு நடன நிகழ்ச்சி ஏற்பாடு செய்து, அதில் விருந்தாளியையே அழைக்கச் செய்வது பெரிய விரயம். நிரம்பிய மண்டபமும் உற்சாகமான நடனக்காரர்களும் ஒருங்கே கிடைக்கும் அந்த இரவுகள்தாம் மாணாக்கனுக்குப் பொன்னான நேரம். ஓர் இரவு ஆசிரியரின் திறமையைக் கண்டு களிப்பது நியாயம். ஏனைய இரவுகளில் மேடை மாணாக்கர்களுக்கு உரியதாக இருக்க, ஆசிரியர் மூலையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கவேண்டும். மக்கள் வருகை குறையும், வருவாய் குறையும் என்பார்கள். குறையட்டும், அந்த நஷ்டத்தை மாணாக்கர்களின் கட்டணத்தில் சேர்த்துவிட்டால், அவர்கள் தாம் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை அறிந்து கொடுப்பார்கள்.

பாஷையால் வரும் குறை இன்னும் நுட்பமானது. அதைப் போதிய அளவு எவரும் கவனிப்பதில்லை. அழைப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால், அமெரிக்க ஆசிரியர் ஜெர்மானிய மாணாக்கனின் அழைப்பைக் கேட்டுத் திருத்துவதில் தடை ஒன்றும் இல்லை. ஆனால் ஊர்க் கழகத்தில் ஓர் அழைப்பாளர் செய்யவேண்டிய பணிகளில் அழைப்பது ஒரு பகுதிதான். புதிதாக வந்து நிற்கும் எட்டுப் பேருக்கு ஓர் அசைவை விளக்கி, தவறு செய்தவரை மனம் நோகாமல் திருத்தி, வயது முதிர்ந்தவருக்குத் தைரியம் சொல்லி, அடுத்த வாரமும் அவர்கள் வரும்படி செய்வது மற்றொரு பகுதி. கழகத்தின் ஜீவன் அதிலேதான் இருக்கிறது. அப்பகுதி முழுவதும் அந்தந்த நாட்டு மொழியிலே நடைபெறுகிறது. வகுப்பிலோ, விருந்தாசிரியருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக, ஜெர்மானியன் ஜெர்மானியருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக் காட்டுகிறான்; அந்த விளக்கம் தட்டுத்தடுமாறி வந்தால், அது பாஷையின் குறையா, போதனா முறையின் குறையா என்று ஆசிரியரால் பிரித்தறிய முடிவதில்லை. அவன் தாய்மொழியிலே பேச அநுமதித்தாலோ, அவருக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்குதான். கற்பிக்கவேண்டிய விஷயங்களில் மிகவும் முக்கியமானது, கற்பிக்க வந்தவருக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

மேலும், ஆசிரியர் தம் அழைப்புத் திறனோடு தம் நாட்டு மேடை மரியாதைகளையும், வேடிக்கைப் பேச்சுகளையும், நாடோடிப் பாடல்களையும் கொண்டுவருகிறார்; அவற்றில் எது கலைக்கு அவசியம், எது அவருடைய ஊர் வழக்கம் என்று பிரித்துச் சொல்ல அவருக்கே தோன்றாது. சொந்த நாட்டுப் பாடல்களின் மெட்டில் பாட்டழைப்பு அமைத்து நன்றாக அழைக்கும் ஐரோப்பிய அழைப்பாளர்கள் இருக்கிறார்கள். அத்தகைய ஒருவர் பக்கத்தில் இருந்தால், இளம் மாணாக்கன் அமெரிக்கத் தொனியைப் போலி செய்வதில் தன் உழைப்பை வீணாக்காமல் தப்புவான்.

முதன்முறையாக ஒலிவாங்கியைப் பிடிப்பவரையும் இருபது ஆண்டு அநுபவம் உள்ளவரையும் ஒரே வகுப்பில் இருத்துவது, பணத்தைச் சரிக்கட்டுவதற்காகச் செய்யப்படும் மற்றொரு பிழை. அதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இரு சாராருக்கும் நஷ்டம் என்பது பிரத்தியட்சம்.

ஆசிரியர் விமானம் ஏறிய பின் என்ன நிகழ்கிறது என்பதே இவ்வழக்கத்தின் தகுதியை அளக்கும் உரைகல். வகுப்பில் செய்துகொண்ட ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய மாணாக்கன், தன் கழகத்தில் மாதத்துக்கு இரண்டு பாட்டுக்கு மேல் அழைக்க வாய்ப்பின்றி, கற்றதில் பெரும்பகுதியை ஓராண்டுக்குள் இழந்துவிடுகிறான். மறுபடியும் ஓர் ஆசிரியரை வரவழைக்கிறார்கள். அவரும் தொடக்கத்திலிருந்தே தொடங்குகிறார். இதற்கு மாறாக, லாயிட் ஷாவின் கோடை வகுப்புகளுக்குச் சென்றவர்களில் பலர் ஏற்கெனவே தம் ஊர்களில் கற்பித்துக்கொண்டிருந்தவர்கள். அங்கே பெற்றதை மறுவாரமே பிரயோகிக்க அவர்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் காத்திருந்தது. அவ்வகுப்புகள் அமெரிக்கா முழுவதும் பயன் தந்ததற்கு அந்த ஆசானின் மேதை ஒரு காரணமென்றால், இது அதற்குக் குறையாத காரணம்.

இதனால் அயலாசிரியரை வரவழைக்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு அனுப்பும் அழைப்புக் கடிதத்தை மாற்றி எழுதவேண்டும் என்றுதான் சொல்கிறேன். உள்ளூர் அழைப்பாளர் ஒருவர் வகுப்பு முழுவதும் அவருக்குத் துணையாசிரியராக இருந்து, தாய்மொழியில் நடைபெறும் போதனையைத் தாமே பரிசீலிக்கவேண்டும். வகுப்பு முடிந்த பின் ஓராண்டு வரையில் மாதந்தோறும் மாணாக்கர்களைக் கூட்டி, ஒரு சதுரத்தின் முன் அழைக்கச் செய்து பார்க்கும் பொறுப்பும் அவருடையதாகவேண்டும். விருந்தாசிரியரின் சன்மானத்தில் ஒரு பங்கு, அந்தத் துணையாசிரியரைத் தயார்செய்வதற்காகவே என்று கடிதத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். பகலில் ஆட முன்வரும் எட்டுப் பேரின் பெயர்கள் கையில் கிடைப்பதற்கு முன் விமானச் சீட்டு வாங்கக் கூடாது. இவ்வளவையும் செய்ய இயலாத கழகம், அந்தத் தொகையைக் கொண்டு வாரத்துக்கு ஒரு மாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, தன் இளம் அழைப்பாளர்களை ஓராண்டுக் காலம் அழைக்கவிடுவதே மேல்.