வந்தியத்தேவன் வராத தெற்கு

மணிரத்னத்தின் திரைப்படம் 2022-லும் 2023-லுமாக இரு பாகங்களாய் வெளிவந்த பிறகே தமிழர்கள் சோழதேசத்தைக் காணப் புறப்பட்டார்கள் என்று இப்போது மேடைதோறும் பிரசங்கிக்கப்படுவது, கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் எழுபதாண்டு வாசக சரித்திரத்தை அறியாதவர்களின் அவசர அபிப்பிராயம். சம்புவரையர் மாளிகையிருந்த கடம்பூர் வேறு, போளிக்குப் பேர்போன நம் ரயிலடிக் கடம்பூர் வேறு என்று தெளிந்திருக்கிற குருவிகுளத்துக் கரிசல் வாசகனிடம் கேட்டாலே இது விளங்கிவிடும்.

சரித்திர நாவலின் பூர்வகதையை விரிப்பானேன்? 1895-ல் சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' தொடங்கிவைத்த வழியில் கல்கி பிரவேசித்தபோது மாமல்லபுரத்துப் பாறைகளுக்குக் கதாபாத்திரங்கள் கிடைத்தன. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' ராஜேந்திரனின் காலத்துக்கும், சாண்டில்யனின் 'கடல் புறா' கடலுக்கப்பாலும் வாசக மனத்தை இழுத்தன. ஆயினும் சாண்டில்யனின் மரக்கலத்தில் ஏறியவன் புத்தகத்தை மூடியதும் கரையிறங்கிவிட்டான். கல்கியின் வாசகன்தான் மெய்யாகவே மூட்டை கட்டினான்.

அதற்குக் காரணம், 'பொன்னியின் செல்வன்' நாவலே யாத்திரையில் பிறந்ததுதான். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் அதைத் தொடராக எழுதியவர், நீலகண்ட சாஸ்திரியாரையும் சதாசிவப் பண்டாரத்தாரையும் பயின்றதோடு அமையாமல், கதை நிகழும் ஸ்தலங்களைக் கண்ணால் கண்டு, இலங்கைக்கும் சென்றுவந்தவர். ஓவியர் மணியத்தின் சித்திரங்களோ அந்த ஸ்தலங்களை வாசகரின் நினைவில் நிலைக்கச் செய்தன. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் தோன்றும் வந்தியத்தேவனைப் பின்தொடர்ந்து குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று சென்ற வாசகர்களில் உத்தமர்கள், காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் ஆலயத்தில் உடையார்குடிக் கல்வெட்டின்முன் நின்றார்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமனையும் ரவிதாஸனையும் பரமேஸ்வரனையும் குறித்து, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகள்மீது பிறந்த ஆணையை அங்கே கண்டதும், நாவலாசிரியர் சாமர்த்தியமாக மூடிவைத்த கொலைமர்மம் அவர்களுக்குச் சரித்திர விசாரமாயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவலின் பெயரால் கூடியவர்களிற் சிலர், திருச்சி இரா. கலைக்கோவனிடம் கோயிற்கலையும் கல்வெட்டும் பயின்று, கல்கியையே கேள்வி கேட்கத் துணிந்தார்கள். ஒரு நாவல் தன் வாசகனுக்குச் செய்யக்கூடிய உபகாரங்களில் இதைவிடப் பெரிது வேறில்லை.

இன்றைய சுற்றுலாப் பேருந்தோ இதற்கு நேர்விரோதமானது. மார்செய் நகருக்கு எதிரேயுள்ள இஃப் கோட்டையில் டூமாவின் கற்பனைக் கைதிக்கு ஓர் அறை காட்டுகிறார்களே, அதைப்போல, இங்கே நந்தினி நின்ற இடமும் பூங்குழலி படகு விட்ட இடமும் கேட்கப்படுகின்றன. கல்லில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்பாரில்லை.

இந்தச் சோம்பேறித்தனத்தினும் பெரிய குறை, பழைய யாத்திரிகர்களுக்கும் இருந்தது: அவர்கள் நாவல் போட்ட எல்லையைத் தாண்டித் தெற்கே வரவில்லை. கல்கியின் சிருஷ்டியில் பாண்டியன், தலையிழந்த ஓர் அரசனாகவும் அவனுக்காகப் பழிதீர்க்கும் ஆபத்துதவிகளாகவுமே பெரும்பாலும் ஜீவித்திருக்கிறான். ஆகவே அந்தத் தேசத்துக்கென ஒரு யாத்திரை மார்க்கம் உருவாகவேயில்லை. நமக்கு அண்டையிலுள்ள கழுகுமலையில், முற்றுப்பெறாமல் நிற்கும் வெட்டுவான் கோயிலும், சமணத் தீர்த்தங்கரர்களின் கீழே ஆசான்களும் குரத்திகளும் மாணாக்கர்களும் பெயர்பெற்றிருக்கும் வட்டெழுத்துக்களும் இருக்கின்றன. மாறஞ்சடையனின் 23-ஆம் ஆட்சியாண்டில் ஆய் மன்னன் கருநந்தன்மீது சென்ற படையில் மாண்ட வீரரைப் பற்றிய சாசனமும் அங்கேயே உண்டு. மன்னர்களோடு நில்லாமல் மாணாக்கரையும் போர்வீரரையும் பெயர் சொல்லி நினைக்கிற இத்தகைய சாசனம் எந்தச் சாகச நாவலுக்கும் போதிய மூலதனமாகும்.

ஆகவே, இனிச் சரித்திர நாவல் எழுதப் புகும் இளைஞர்கள் கல்கியின் குதிரைக் குளம்படியைத் தேடி வீரநாராயண ஏரிக்கரைக்குப் போவதைவிட, கல்கி செய்ததைத் தாமும் செய்து, அவர் எழுதாத மலைகளில் ஏறி வட்டெழுத்தைக் கற்பதே அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதை.