வயிற்றில் ஒரு கோடு

பொம்மையார்பாளையத்தில் வலையில் பேத்தை ஏறினால் மணலில் எறிந்துவிட்டு அடுத்த மீனைப் பார்ப்பார்கள். விஷம், விலை போகாது, பல்லால் வலையை வேறு அறுத்துவைக்கும். ஊதிக் கிடக்கும் அந்த மீன் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் மேலே பார்த்துச் சொல்ல முடியாது, வயிற்றைக் கீறிச் சினை இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் இதே குடும்பத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆறுகளில், தொட்டிக் கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே ஆண், பெண் சொல்லிவிடக்கூடிய ஒரு சின்னப் பேத்தை இருக்கிறது. வண்ணமீன் வளர்ப்பவர்கள் மலபார் பஃபர் என்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகுவது போல நிறைவு தரும் வேலை மீன் வளர்ப்பில் எனக்கு வேறு இல்லை.

பம்பை ஆற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு 1941இல் சுந்தர் லால் ஹோராவும் கே. கே. நாயரும் இதை முதன்முதலில் விவரித்தார்கள். சாலக்குடி ஆற்றிலும் வேம்பநாட்டுக் காயல் பக்கத்திலும் உண்டு. முழுதாக வளர்ந்தும் 3 செ.மீ. தாண்டுவது அபூர்வம். செதில் கிடையாது. இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். ஒரு கண் நத்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றது நம்மைப் பார்க்கும். "பஃபருன்னா தண்ணியில உப்பு போடணும்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், இது நன்னீரிலேயே பிறந்து நன்னீரிலேயே வாழ்கிற மீன். எங்கள் கரையில் நிலத்தடி நீரே உப்பேறி வருவதால் நான் மழைநீரைப் பிடித்துவைத்துக் கலந்துதான் ஊற்றுகிறேன்.

ஆணின் முதல் அடையாளம் வயிற்றுக் கோடு. தாடைக்குக் கீழிருந்து பின்புறம் வரை, வயிற்றின் நட்டநடுவில் கருத்த ஒரு கோடு ஓடும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. மீன் கண்ணாடியை ஒட்டி மேலே ஏறும்போது அடிவயிறு நம் பக்கம் திரும்பும், அந்த ஒரு கணத்தில் பிடித்துவிட வேண்டும். இரண்டாவது, கண்ணுக்குப் பின்னால் வரும் சுருக்கங்கள். நீலமும் பச்சையும் கலந்து மினுங்கும் மெல்லிய வரிகள் அவை. டார்ச் அடித்துத் தேடினால் மீன் மிரண்டு நிறம் வெளுத்துவிடும். காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் நேரம் போதும், வரிகள் தாமாகவே எழும். பெண்ணுக்கு இந்த இரண்டும் இல்லை. அதற்கு விலாவில் பெரிய புள்ளிகளுக்கு இடையே மிளகுத்தூள் தூவியது போல் பொடிப்புள்ளிகள் இருக்கும். ஆணின் உடலில் மஞ்சள் கூடுதல், புள்ளிகளும் பெரிதாகத் தெளிவாக நிற்கும்.

பெண் உருண்டையாக இருக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். நாலு நத்தையைத் தின்ற எந்த ஆணும் உருண்டையாகத்தான் இருக்கும்.

இந்த மீனின் உண்மையான நுட்பம் வேறு இடத்தில் இருக்கிறது. 2 செ.மீ. எட்டாத குஞ்சுகள் எல்லாமே பெண் போலத்தான் தெரியும். வளர்ந்த பிறகும் கூட்டத்தில் வலுத்த ஓர் ஆணே முழு நிறம் காட்டும். மற்ற ஆண்கள் கோட்டை மங்கலாக்கி, வெளிறிய உடலோடு பெண்களின் நடுவே திரியும். வலுத்ததை வேறு தொட்டிக்கு மாற்றிப் பாருங்கள், கொஞ்ச நாளில் அதுவரை பெண் என்று நாம் கணக்கில் வைத்திருந்த ஒன்றின் வயிற்றில் கோடு கருக்கத் தொடங்கும். கடையில் பாலித்தீன் பையில் ஒற்றை மீனைத் தூக்கிப் பார்த்து ஆண், பெண் சொல்வது அதனால்தான் வீண். கூட்டத்தில் விட்டு, யார் யாரை விரட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆண்கள் எதிரெதிரே வரும்போது முதுகிலும் வயிற்றிலும் தோல் வரப்பாக எழும்பி, உருண்டை மீன் சட்டென்று தட்டையாகி உயரம் கூடிவிடும். சண்டை முடிந்ததும் தோற்றதன் நிறம் வடிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சுமத்ரா, போர்னியோ பக்கத்தில் இதன் நெருங்கிய உறவான ஒரு பஃபர் உண்டு. ஆணுக்கு வால் சிவப்பு, பெண்ணுக்குத் திட்டுத்திட்டான உடல். அறைக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடலாம். அழகுதான், ஆனால் ரசிகனுக்கு அங்கே வேலை இல்லை. ஜப்பானின் அமாமி ஓஷிமாவை ஒட்டிய கடலில் வேறொரு பேத்தை இருக்கிறது. அதன் ஆண் மணல் தரையில் 2 மீட்டர் அகலத்துக்கு வட்டக்கோலம் போட்டுப் பெண்ணை அழைக்கும். 2014இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். அங்கே செய்கிற வேலையே ஆணைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மலபார் பஃபர் என்று வாங்கியது அதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும் இன்னொரு இந்தியக் குள்ளப் பேத்தையை ரால்ஃப் பிரிட்ஸும் மாரிஸ் கோட்டெலாட்டும் 1999இல் தனி இனமாகப் பிரித்தார்கள். இரண்டையும் கலந்து வளர்ப்பவர் பால் வேறுபாட்டையும் இன வேறுபாட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்.

ஆண், பெண் பிரித்தறியத் தெரிவது ஆறுகளுக்கும் உதவும். 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான, அழியும் நிலையிலுள்ள நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பங்கு வகித்த இனங்களுள் மலபார் பஃபரும் ஒன்று. பெரும்பாலும் ஆற்றிலிருந்து அள்ளியவைதான். இதை வீட்டுத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய முடியும். கொளத்தூரில் வாங்கினாலும் சரி, பாண்டிச்சேரியில் வாங்கினாலும் சரி, தொட்டியில் பிறந்த குஞ்சு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இளசாக ஆறேழு எடுத்து வளரவிட்டு, கோடு தெரிந்த பின் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று பிரித்து வையுங்கள். ஜாவா பாசியை அடர்த்தியாக வளர்த்தால் ஆண் பெண்ணை அதற்குள் விரட்டிப்போய் விலாவோடு விலாவாக ஒட்டி நிற்கும். முட்டை ஒன்றிரண்டாகத்தான் விழும், தெளிந்த நிறம், தேடித்தான் காண வேண்டும். பெரிய மீன்கள் தின்றுவிடும் என்பதால் பாசியோடு வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஐந்தாறு நாளில் குஞ்சு பொரிந்ததும் நுண்ணுயிர் நீரும், கொஞ்சம் வளர்ந்த பின் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவும் கொடுக்கலாம். தூள் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.