குரலுக்கு ஒரு தனி வழி

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் பலவற்றில் இன்று அலுவலகங்கள் நடக்கின்றன. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள், மர உத்தரங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் தளம், உயர்ந்த சன்னல்கள். இந்தச் சுவர்களில் டிரில் வைக்கக் கை கூசும். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையின் பழைய நகரமன்றமான மேரி கட்டடம் இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. அதைப் பழைய வடிவிலேயே எழுப்பித் திறக்க 2021 ஆகிவிட்டது. இப்படிப்பட்ட கட்டடத்தில் மேசைக்கு ஒரு கேபிள் கொண்டுவருவதே பெரிய காரியம். அந்த ஒரே கேபிளில் தொலைபேசியும் கணினியும் ஓட வேண்டும். ஒன்றின் நெரிசல் இன்னொன்றைத் தொடக் கூடாது. ஒரே கேபிளில் குரலுக்கு இப்படித் தனி வலை பிரிப்பதை நெட்வொர்க் வேலை செய்கிறவர்கள் ‘வாய்ஸ் விலான் போடுவது’ என்பார்கள். நல்ல கை ஒன்று இதைச் செய்வதை அருகிலிருந்து பார்ப்பது எனக்கு நல்ல கச்சேரி கேட்பதற்குக் குறைந்த இன்பம் இல்லை. அதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

முன்பெல்லாம் தொலைபேசிக்கு ஒரு ஜோடிக் கம்பி, கணினிக்கு வேறு கேபிள். தொலைபேசிக் கம்பி குரோன் இணைப்புப் பெட்டி வழியாக அலுவலகத்தின் சொந்த இணைப்பகமான ஈபிஏபிஎக்ஸுக்குப் போகும். கணினிக் கேபிள் ரேக்கில் இருக்கும் சுவிட்சுக்குப் போகும். இரண்டையும் போட வருகிறவர்களே வேறு வேறு ஆட்கள். ஐபி போன் வந்ததும் குரலும் பாக்கெட்டுகளாக மாறி அதே சுவிட்சுக்குள் நுழைந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் செருகினாலும் முதல் நாள் மணி அடிக்கும், பேச்சும் கேட்கும். மாதக் கடைசியில்தான் தெரியவரும். கணக்குப் பிரிவில் பேக்கப் ஓடும், கேமராப் பதிவுகள் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், எதிர்முனையில் இருப்பவர் “கேக்கலைங்க, திருப்பிச் சொல்லுங்க” என்பார்.

இதற்குக் காரணம் குரலின் இயல்பு. ஜி.711 என்ற வழக்கமான முறையில் பேச்சொலி நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட். ஆக நொடிக்கு 64,000 பிட். இதை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கினால் ஒரு துண்டில் 160 பைட் குரல் இருக்கும். அதன்மேல் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் 40 பைட், ஈதர்நெட் உறை 18 பைட். நொடிக்கு இப்படி 50 பாக்கெட்டுகள் போனால் ஒரு திசைக்கு 87.2 கிலோபிட் ஆகிறது. கிகாபிட் போர்ட் ஒன்றில் இது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. குரலுக்கு வேண்டிய இடம் மிகக் கொஞ்சம். ஆனால் அதற்குக் காத்திருக்கத் தெரியாது. கோப்பின் பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். குரலின் பாக்கெட்டை மறுபடி அனுப்புவதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும்.

ஒரே தபால் நிலையத்தில் கடிதமும் தந்தியும் கையாளப்பட்ட நாட்களை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடிதக் கட்டுகள் எவ்வளவு குவிந்து கிடந்தாலும் தந்தி அவற்றுக்கு அடியில் போய்ப் படுக்காது. அதற்கு வேறு மேசை, வேறு ஆள், வேறு வேகம். கூரை மட்டும் ஒன்று.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த வேகம் இன்னும் முக்கியம். நம் வினைமுற்றில் யார், எத்தனை பேர், ஆணா பெண்ணா என்பதெல்லாம் கடைசி ஒலியில் இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘வந்தான்’ என்பதையும் ‘வந்தா’ என்பதையும் பிரிப்பது ஒரு சின்ன மூக்கொலி மட்டுமே. அந்த இடத்தில் அடுத்தடுத்துச் சில பாக்கெட்டுகள் போய்விட்டால் வந்தது யார் என்பதே போய்விடும். குறிலும் நெடிலும் அப்படித்தான். ‘படம்’ அனுப்பச் சொன்னாரா, ‘பாடம்’ அனுப்பச் சொன்னாரா என்பது சில பத்து மில்லிநொடிகளில் தீர்மானமாகிறது.

புதுச்சேரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிரான்சில் பிள்ளைகளும் உறவுகளும் இருக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர். இங்கிருந்து பாரிஸுக்குப் பேசும் அலுவலகங்களும் இருக்கின்றன. நேர்கோட்டிலேயே சுமார் 8,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் அதற்கு மட்டும் 40 மில்லிநொடி. கடலடிக் கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். குரலைத் துண்டாக்க 20, மறுமுனையில் சீராக்கி ஒலிக்க ஒரு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து காதுக்கு 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. பெரும்பங்கைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, நம் கட்டடத்துக்குள் இருக்கும் சுவிட்சில் வீணாக்க மிச்சம் அதிகம் இல்லை.

குரலை எண்ணாக்கும் முறை பிறந்ததும் பாரிஸில்தான். ஆலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அங்கே ஐடிடி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, 1937இல் பல்ஸ் கோட் மாடுலேஷன் என்ற இந்த முறையைக் கண்டுபிடித்தார். 1938இல் அதற்குப் பிரெஞ்சுக் காப்புரிமை கோரினார். புதுச்சேரியும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வால்வுகளின் காலத்தில் அது பெரும்பாலும் ஏட்டளவில் தங்கி, டிரான்சிஸ்டர் வந்த பிறகே பெருவழக்கானது. விலானின் பிறப்பிலும் குரலுக்குப் பங்குண்டு. டபிள்யூ. டேவிட் சின்கோஸ்கி 1980களின் தொடக்கத்தில் ஈதர்நெட் வழியே குரலை அனுப்பிச் சோதித்தவர். பிறகு அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில், ஈதர்நெட்டைத் தொலைபேசி வலையின் அளவுக்குப் பெரிதாக்க வழி தேடினார். ஒரே கட்டமைப்பின் மேல் பல தனித்தனிப் பாதை மரங்களை அமைப்பது, ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த மரத்தைச் சேர்ந்தது என்பதை ஒரு நிறத்தால் குறிப்பது என்ற எண்ணம் அங்கே உருவானது. 1998இல் வெளிவந்த 802.1கியூ தரத்துக்கு அது முன்னோடி.

அந்தத் தரம் பாக்கெட்டில் சேர்ப்பது நான்கே பைட் கொண்ட ஒரு டேக். முதல் இரண்டு பைட், ‘இது டேக் போட்ட பாக்கெட்’ என்ற அறிவிப்பு. மீதமுள்ள 16 பிட்டில் 12 பிட் விலான் எண்ணுக்கு. பயன்படுத்தக்கூடிய எண்கள் 4,094. 3 பிட் முன்னுரிமைக்கு. ஒரு பாக்கெட் யாருடையது, எவ்வளவு அவசரம் என்ற இரண்டையும் இவ்வளவு சிறிய இடத்தில் எழுதிவைத்த சிக்கனம் எனக்குக் குறள் வடிவை நேசிப்பவனின் மகிழ்ச்சியைத் தருகிறது.

வேலை முடிந்த சுவிட்சில் ஒரு போனைச் செருகும்போது நடப்பதை ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். சுவிட்ச் முதலில் 10 வோல்ட்டுக்கு மேற்படாத சிறு மின்னழுத்தம் கொடுத்து, மறுமுனையில் ஏறக்குறைய 25 கிலோஓம் மின்தடை தெரிகிறதா என்று பார்க்கிறது. தெரிந்தால்தான் 48 வோல்ட் அளவில் மின்சாரம் விடும். தவறிப்போய் யாராவது மடிக்கணினியைச் செருகினால் அதற்கு ஒன்றும் ஆகாது. போன் விழித்துக்கொள்கிறது. உடனே சுவிட்ச் எல்எல்டிபி-மெட் என்ற முறையில் அதனிடம் சொல்கிறது: குரலுக்கு விலான் 120, முன்னுரிமை 5, ஐபி தலைப்பில் இடும் அவசரக் குறியான டிஎஸ்சிபி 46. போன் அந்த எண்ணை டேகில் இட்டு முகவரி கேட்கிறது. டிஎச்சிபி சர்வர் முகவரியைத் தந்து, உன் அமைப்புக் கோப்பு இந்த இடத்தில் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறது. போன் அதை எடுத்துக்கொண்டு அழைப்பு சர்வரில் பதிவாகிறது. திரையில் எக்ஸ்டென்ஷன் எண் தெரிகிறது. இவ்வளவுக்கும் போனில் யாரும் ஒரு பொத்தானைத் தொடவில்லை.

போனுக்குள் மூன்று போர்ட் கொண்ட குட்டி சுவிட்ச் ஒன்று இருக்கிறது. ஒன்று சுவரை நோக்கி, ஒன்று கணினியை நோக்கி, மூன்றாவது உள்ளே போனுக்கே. கணினி டேக் இல்லாமல் பேசுகிறது. சுவிட்ச் அதை டேட்டா விலானில் சேர்த்துக்கொள்கிறது. போன் டேக் போட்டுப் பேசுகிறது. சிஸ்கோ சுவிட்சில் இதற்கான சாரம் இரண்டே வரி: ‘சுவிட்ச்போர்ட் ஆக்சஸ் விலான் 20’, ‘சுவிட்ச்போர்ட் வாய்ஸ் விலான் 120’. அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருக்கும் யோசனையில்தான் கைக்குக் கை வித்தியாசம்.

நல்ல கையை எண்ணிடுவதிலேயே கண்டுகொள்ளலாம். முதல் மாடி டேட்டாவுக்கு 10 என்றால் குரலுக்கு 110. இரண்டாம் மாடிக்கு 20, 120. ஐபி முகவரியின் மூன்றாம் எண்ணும் அதுவே. முகவரியைக் கேட்டதும் எந்த மாடி, போனா கணினியா என்று நினைவிலிருந்தே சொல்லிவிடலாம். அடுத்தது அப்லிங்க். ஓரத்துச் சுவிட்சில் வாய்ஸ் விலானை உருவாக்கிவிட்டு, நடுவிலுள்ள கோர் சுவிட்சுக்குப் பல விலான்களைச் சுமந்து போகும் ட்ரங்கில் அதை அனுமதிக்காமல் விட்டால், போனுக்கு மின்சாரம் வரும், விலான் எண்ணும் கிடைக்கும், முகவரி மட்டும் வராது. தேர்ந்தவர் ட்ரங்கின் இரு முனையையும் சரிபார்த்த பிறகே போனைப் பெட்டியிலிருந்து எடுப்பார். தேவையான விலான்களை மட்டும் அனுமதித்து மற்றவற்றை அடைத்துவிடுவார்.

மூன்றாவது, யாரை நம்புவது என்ற முடிவு. எந்தக் கணினியும் தன் பாக்கெட்டில் 46 என்று போட்டுக்கொண்டு முந்திச் செல்ல முயலலாம். அதனால் போன் இட்ட குறியை ஏற்று, கணினி இட்ட குறியை அழித்துச் சுழியாக்க வேண்டும். நான்காவது, கட்டுப்பாடு. முன்னுரிமை வரிசைக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால்தான் மற்றவை பட்டினி கிடக்காது. மேலாளரின் மடிக்கணினியையும் அந்த வரிசையில் சேர்க்கச் சொல்லி வேண்டுகோள் வரும். உறுதியும் பணிவுமாக அதை மறுப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. எல்லாரும் அவசரக்காரர் ஆனால் அவசரம் என்பதே இல்லாமல் போகும். கடைசியாக, இரு விலான்களுக்கும் நடுவில் எது எதனுடன் பேசலாம் என்ற விதி. வரவேற்பறை போன் கணக்குப் பிரிவின் சர்வரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

மின்சாரத்திலும் ஓர் அழகு உண்டு. பழைய கறுப்புத் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரிகளிலிருந்தே 48 வோல்ட் வந்ததால் வீட்டில் மின்சாரம் போனாலும் அது பேசும். ஐபி போனுக்கு மேசைதோறும் அடாப்டர் வைத்தபோது அந்த நன்மை கைநழுவியது. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம், போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கேபிளிலேயே கொடுத்து அதைத் திருப்பித் தந்தது. 24 போர்ட்டுக்கும் முழு அளவில் தர ஏறத்தாழ 370 வாட் வேண்டும். கவனமானவர் இதைக் கணக்கிட்டே சுவிட்சையும் யுபிஎஸ்ஸையும் தேர்ந்தெடுப்பார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை அனுபவித்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். கடற்கரை ஊரில் உப்புக்காற்று செம்பை அரிக்கும். அதனால் கவனமானவர் ரேக்கை மூடியே வைத்திருப்பார், பயன்படாத ஜாக்குகளுக்கு மூடி போடுவார், தங்க முலாம் நன்றாக உள்ள கனெக்டரைக் கேட்டு வாங்குவார்.

இந்தியாவில் வேறொரு பிரிப்பும் நெடுங்காலம் இருந்தது. பொதுத் தொலைபேசி வலையின் அழைப்பும் அலுவலகத்தின் சொந்த ஐபி வலை அழைப்பும் கலக்கக் கூடாது என்று விதிகள் தடுத்தன. அதற்காகவே ‘லாஜிக்கல் பார்ட்டிஷனிங்’ என்ற வசதியை உற்பத்தியாளர்கள் சேர்த்தார்கள். கட்டண வருவாயைக் காக்க எழுந்த பிரிப்பு அது. 2018இல் இணையத் தொலைபேசிக்கும், 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் அழைப்பு மையங்களுக்கும் விதிகள் பெரிதும் தளர்ந்தன. சுவிட்சில் பொறியாளர் போடும் பிரிப்பு அப்படித் தளராது. அது குரலின் இயல்பைப் பார்த்துப் போட்டது. அந்த இயல்பு மாறவில்லை.

இனி, வேலையைச் சுவைத்துப் பார்க்கும் முறை. போனின் பின்புறம் செருகிய கணினியிலிருந்தே சர்வருக்கு ஒரு பெரிய கோப்பை நகல் எடுக்கத் தொடங்குங்கள். அது ஓடும்போது வேறொரு மாடிக்குப் பேசுங்கள். மெதுவாகவும் வேகமாகவும் பேசுங்கள். சொற்களின் கடைசி ஒலிகளைக் கவனியுங்கள். பல போன்களின் திரையிலேயே பாக்கெட் இழப்பும், பாக்கெட்டுகள் வந்துசேரும் நேரத்தின் ஏற்றத்தாழ்வான ஜிட்டரும் தெரியும். இழப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழே, ஜிட்டர் 30 மில்லிநொடிக்குக் கீழே இருந்தால் பாதை சரி. பிறகு அலுவலகத்துக்குள் ஜி.722 முறைக்கு மாற்றிப் பாருங்கள். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுசேர்க்கும். இது அதே 64 கிலோபிட்டில் 50 முதல் 7,000 வரை கொண்டுவரும். மெய்யொலிகள் இன்னும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். பேசுகிறவர் சிரித்துக்கொண்டு பேசுகிறாரா, களைத்திருக்கிறாரா என்பதுகூடத் தெரியும்.

விலைப்பட்டியல்களில் சுவிட்சுக்கு ஒரு விலை, போனுக்கு ஒரு விலை, கேபிளுக்கு மீட்டர் கணக்கு இருக்கும். நான் சொன்ன இந்த வேலை ‘இன்ஸ்டலேஷன்’ என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும். பேரம் பேசும்போது முதலில் குறைவதும் அதுதான். அலுவலகம் நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது: விலான் திட்டம், போர்ட் அட்டவணை, முன்னுரிமை அமைப்பு, சுமையோடு பேசிப் பார்க்கும் சோதனை ஆகிய நான்கையும் தனித்தனி வரிகளாகக் கேளுங்கள், நான்குக்கும் பணம் கொடுங்கள். வாடிக்கையாளர் சொல்வதன் கடைசி எழுத்துவரை காதில் விழ வேண்டும் என்று நினைக்கிற அலுவலகத்துக்கு, ஒவ்வொரு நாளும் பலன் தரும் செலவு அதுவே.