தனிகம

பெற்றோரை மதிக்கப் பணிக்கும் நான்காம் கட்டளையை அறிந்தவர், தந்தையின் குடிப்பழக்கத்தை நூலாக எழுதலாமா? மைக்கேல் ஒண்டாச்சி 1982-இல் வெளியிட்ட 'ரன்னிங் இன் த ஃபேமிலி' என்னும் நினைவு நூல் நம்முள் எழுப்பும் கேள்வி இது.

ஒல்லாந்தர், தமிழர், சிங்களவர் எனப் பல குருதிகள் கலந்த இலங்கைப் பறங்கியர் குடும்பம் அவருடையது. சிறுவயதில் கொழும்பை விட்டகன்றவர், கனடாவிலிருந்து திரும்பிவந்து அத்தைமாரின் வாய்மொழிகளைச் சேகரிக்கிறார். அவரது கற்பனைக்கு ஊற்று அப்பேச்சுகளே போலும்! மருத்துவரான மூதாதை 1600-இல் வந்து, ஆளுநரின் மகளைக் குணமாக்கி, ஒல்லாந்த எழுத்துமுறையில் புதுப்பெயர் பெற்றாராம். ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றியதோ 1656-இல்தான். இதை நாம் பெரிதுபடுத்தவில்லை. குடும்பக் கதைக்கு ஆண்டுக்கணக்கு ஏது?

நம்மை உறுத்துவது வேறு. குடிபோதையில் தந்தை இரயிலில் ஆடிய கூத்துகள் நகைப்பூட்டும்படி சொல்லப்படுகின்றன. மணமுறிவு கண்ட தாயின் துயர் அந்நகைப்பில் பெரிதும் மறைகிறது.

ஆனால் 'தனிகம' என்னும் இயலில் நகைப்பு அடங்கிவிடுகிறது. நம் 'தனிமை'க்கு உறவான சிங்களச் சொல் அது. இரவில் தனித்துக் குடித்திருக்கும் தந்தை, தாம் படித்து முடிக்காத நாவலின் தாளொன்றை எறும்புகள் சுமந்து செல்வதைத் தடுக்காமல் பார்க்கிறார். அவ்விரவில் மகன் உடனிருந்தவரல்லர். கற்பனையிலேனும் அருகில் வந்து அமர்கிறார். இதனைக் கட்டளை மீறலாக நாம் கருதவில்லை.